சீரமைக்கப்படாத பழந்தானுந்துகளின் விற்பனை (புதுச்சேரி)

சீரமைக்கப்படாத பழந்தானுந்து விற்பனை என்பது, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாள் தொட்டு உடற்கூடு, வண்ணம், உட்புறம், பொறி ஆகியவை பெரிதும் மாற்றப்படாத பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்காமல், உள்ளது உள்ளபடியே பிறருக்கு உரிமை மாற்றிக் கொடுப்பதாகும். இக்கட்டுரை புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பொருந்தும் இந்தியச் சட்ட விதிகளை ஒட்டி, பழைய அமெரிக்கக் கார்களை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. 1964 முதல் 1974 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட மசில் கார்கள் அனைத்தும் இப்போது ஐம்பது ஆண்டு வயதைக் கடந்துவிட்டன. இந்திய விதிகளில் ஐம்பது ஆண்டு என்பதே எல்லைக்கோடு ஆகையால், இவ்வகைக் கார்களை விற்போருக்கும் வாங்குவோருக்கும் இது முதன்மையான செய்தியாகும்.

இத்தகைய விற்பனையில் கைமாறுவது இரண்டு. ஒன்று கார், மற்றொன்று அதன் ஆவணங்கள். இந்தியாவில் இரண்டாவது இல்லாமல் முதலாவதற்கு இரும்பு விலைக்கு மேல் கிடைப்பது அரிது.

சொல் வழக்கு

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சொந்தப் பயன்பாட்டுக்கான கார் நெடுங்காலம் "பிளசர்" என அழைக்கப்பட்டது. பேருந்து, சரக்குந்து ஆகியவற்றிலிருந்து பிரித்துக் காட்ட ஆங்கிலத்தில் வழங்கிய பெயரின் முதற்பகுதி அது. அக்காலப் பிளசர்களில் பல ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் போன்ற அமெரிக்க வண்டிகளே.

"வின்டேஜ்", "கிளாசிக்" ஆகிய சொற்களைக் கார் மன்றங்கள் ஆண்டு வாரியாக வெவ்வேறு பொருளில் ஆளுகின்றன. இந்திய அரசின் ஊர்திப் பதிவு விதிகளிலோ "வின்டேஜ்" என்பதற்கு ஐம்பது ஆண்டுக் கணக்கு ஒன்றே உள்ளது. "மசில் கார்" என்பது நடுத்தர அளவுள்ள இருகதவுக் காரில் எட்டு உருளைகள் கொண்ட பெரிய பொறியைப் பொருத்திச் செய்யப்பட்ட, விரைவு மிக்க அமெரிக்கக் காரைக் குறிக்கும். 1964 இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகையின் முன்னோடியாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதே ஆண்டு ஏப்ரலில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங் அளவிற் சிறியது. கண்டிப்பானவர்கள் அதை இவ்வகையிற் சேர்ப்பதில்லை. 1970 இன் தூய காற்றுச் சட்டம், உயர்ந்த காப்பீட்டுக் கட்டணம், 1973 இன் எண்ணெய் நெருக்கடி ஆகியவை இக்கார்களின் காலத்தை முடித்து வைத்தன.

இந்தியாவில் அமெரிக்கக் கார்கள்

பழைய அமெரிக்கக் கார் ஒன்றை விற்க முனைபவர் முதலில் அது எவ்வழியாக நாட்டுக்குள் வந்தது என்பதை அறிதல் வேண்டும். ஏனெனில் வழிக்கேற்ப ஆவணங்களும் வேறுபடும்.

முதல் வழி உள்நாட்டில் பூட்டப்பட்டவை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் 1954 வரை பம்பாயில் செவர்லே முதலிய கார்களைப் பூட்டி விற்றது. ஃபோர்டு நிறுவனத்தின் இந்தியக் கிளை அமெரிக்கத் தலைமையகத்தின் கீழ் இல்லாமல் கனடா ஃபோர்டின் கீழ் இயங்கியது. கனடா பிரித்தானியப் பேரரசின் பகுதியாக இருந்ததே காரணம். பிரீமியர் நிறுவனம் பம்பாயில் கிரைசுலர் நிறுவனத்தின் கார்களை டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ என்னும் மூன்று பெயர்களில் வெளியிட்டது. முகப்பும் பெயர்ப் பட்டையும் நீங்கலாக இவை பெரும்பாலும் ஒரே கார்தான். இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கர் கார்களைப் பூட்டியது. 1953 இல் சுங்கத் தீர்வை ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற நடுவண் அரசு, உள்நாட்டில் உதிரிப் பாகங்கள் செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெறுமனே பூட்டி விற்பதை நிறுத்துமாறு செய்தது. இதன் பின்னர் ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் வெளியேறின.

ஆகவே மசில் கார் எதுவும் இந்தியாவில் பூட்டப்படவில்லை. 1964 க்குப் பின் இங்கு வந்த சிலவும் தூதரகங்கள் வழியாகவோ, வெளிநாட்டிலிருந்து திரும்பியோரின் உடைமையாகவோ வந்தவை. தூதரகத்தார் விட்டுச் சென்ற கார்களை அரசு வணிகக் கழகம் (எஸ்.டி.சி.) ஏலத்தில் விற்று வந்தது. குடிபெயர்ந்து திரும்பியோர் கொண்டுவந்த கார்களுக்குக் குறிப்பிட்ட காலம் விற்கக்கூடாது என்னும் நிபந்தனை பதிவுச் சான்றிலேயே எழுதப்படுவதுண்டு. காலம் கடந்த பின்னும் அந்தக் குறிப்பு நீக்கப்படாமல் கிடந்து, பேரனின் காலத்தில் விற்பனைக்குத் தடையாக வரலாம்.

புதுச்சேரியின் நிலை சற்று வேறானது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இப்பகுதி 1941 இல் பிரித்தானிய இந்தியாவுடன் சுங்க உடன்பாடு ஒன்றில் இணைந்தது. 1949 இல் அவ்வுடன்பாடு முடிவுற்றது. அதன் பின் சில ஆண்டுகள் வெளிநாட்டுப் பொருள்கள் இங்கு இந்தியப் பகுதியை விட எளிதாக வந்திறங்கின. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. எனவே இங்குள்ள பழைய வீடுகளில் கிடைக்கும் 1954 க்கு முந்தைய வண்டி ஆவணங்கள் பிரெஞ்சு மொழியில் இருக்கக்கூடும். அவற்றைப் பழைய தாள் என்று எறிந்துவிடலாகாது. முதற்பதிவு நாளைக் காட்டும் சான்று வேறெங்கும் இல்லாமலிருக்கலாம்.

சீரமைக்காத நிலையின் மதிப்பு

கார் ஒன்றை எத்தனை முறை வேண்டுமாயினும் சீரமைக்கலாம். ஆனால் அதன் முதல் வண்ணம் ஒரு முறைதான் பூசப்படுகிறது. இக்கருத்தே சீரமைக்கப்படாத கார்களுக்குத் தனி மதிப்பைத் தந்துள்ளது. 1966 இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பழந்தானுந்துக் கூட்டமைப்பு (ஃபீவா) 2012 இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், பழைய ஊர்திகளைப் பண்பாட்டுச் சொத்தாகக் கருதி, பேணுதலையும் காத்தலையும் முன்வைக்கிறது; முழுச் சீரமைப்பை அவற்றுக்குப் பின்னரே வைக்கிறது. பழங்கட்டடங்களைப் பற்றிய 1964 இன் வெனிசு சாசனமே இதற்கு முன்மாதிரி. புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் சுண்ணாம்புச் சாந்துச் சுவரைச் சிமெந்து கொண்டு பூசலாமா என்று நடக்கும் வாதமும் காருக்கு மறுவண்ணம் பூசலாமா என்னும் வாதமும் அடிப்படையில் ஒன்றே.

இத்துறையில் பெரிதும் பேசப்பட்ட விற்பனை, 1968 இல் வெளியான புல்லிட் திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய பச்சை நிற மஸ்டாங் காருடையது. நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒருவர் 1974 இல் ஏறத்தாழ 6,000 டாலருக்கு, இதழ் விளம்பரம் ஒன்றைப் பார்த்து இதை வாங்கினார். குடும்பத்தார் அன்றாடப் பயணத்துக்கு இதை ஓட்டினர். 1977 இல் மெக்குயின் காரைத் திருப்பி வாங்க விரும்பிக் கடிதம் எழுதியும் அவர்கள் விற்கவில்லை. பின்னர் ஓட்டமின்றிப் பல ஆண்டுகள் கிடந்தது. 2018 இல் மீண்டும் வெளிக்கொணரப்பட்டபோது படப்பிடிப்புக்காகப் பற்றவைத்த இரும்புத் தாங்கிகளும் தேய்ந்த வண்ணமும் அப்படியே விடப்பட்டிருந்தன. 2020 சனவரி 10 அன்று புளோரிடாவின் கிசிமியில் நடந்த ஏலத்தில் 34 இலட்சம் டாலருக்கு விலை முடிந்தது. ஏலக் கட்டணத்துடன் 37.4 இலட்சம் டாலர். மறுவண்ணம் பூசியிருந்தால் அது வெறும் பச்சை மஸ்டாங்காக மாறியிருக்கும் என்பது மிகையன்று.

இவ்வெடுத்துக்காட்டை எல்லாக் கார்களுக்கும் பொருத்திப் பார்ப்பது தவறு. அவ்விலையின் பெரும்பகுதி நடிகரின் புகழுக்கானது. மேலும் சீரமைக்கப்படாதது வேறு, கைவிடப்பட்டது வேறு. வேப்ப மரத்தடியில் இருபது ஆண்டு மழையில் நின்று தரைத் தகடு உதிர்ந்த காரைப் "பழமை மாறாதது" என்று விற்பனையாளர் விளம்பரம் செய்யலாம். வாங்குவோர் அதை நம்ப வேண்டுவதில்லை.

காரின் நிலையை அறிதல்

கடற்கரை நகரான புதுச்சேரியில் துருவே முதற்பகை. உப்புக் காற்றும் ஈரமும் வெளித்தகட்டை விட உட்குழிவுகளையே முதலில் தாக்குகின்றன. தரைத் தகடு, சக்கர வளைவின் கீழ்ப்பகுதி, முன் கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றறை, பின்பெட்டியின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். மஸ்டாங் போன்ற கார்களில் தனி அடிச்சட்டகம் கிடையாது, உடற்கூடே சட்டகம். எனவே அவற்றில் தரைத் துரு என்பது அழகுக் குறை மட்டுமன்று, வண்டியின் வலுவையே குறைப்பதாகும். பான்டியாக் ஜி.டி.ஓ. போன்றவற்றுக்குத் தனிச் சட்டகம் உண்டு.

2011 திசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயலும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கன. பெஞ்சலின்போது 24 மணி நேரத்தில் 45 செ.மீ. க்கும் மேல் மழை பெய்தது. தாழ்வான கொட்டகையில் நின்ற காரானால் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று கேட்டல் முறை. இருக்கை விரிப்பின் அடியில் படிந்த வண்டலும், கதவின் உள்ளட்டையில் தெரியும் நீர்க்கோடும் விற்பனையாளர் சொல்லாததைச் சொல்லிவிடும்.

பட்டறைகளில் "பட்டி" எனப்படும் நிரப்புப் பசையைத் தகட்டின் பள்ளத்தில் வைத்துத் தேய்த்து வண்ணம் பூசுவது வழக்கம். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்தினால் பட்டி உள்ள இடத்தில் பிடிப்புத் தளரும். டிங்கர் வேலை நடந்த காரைத் தொடப்படாத கார் என்று கூறி விற்பதை இவ்வெளிய சோதனை பெரும்பாலும் வெளிப்படுத்திவிடுகிறது.

அமெரிக்கக் கார்களில் 17 இலக்க அடையாள எண் 1981 மாதிரி ஆண்டிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி குறைவான இலக்கங்களில் எண் அளித்தது. இதனால் இன்றைய கணினிப் படிவங்களில் பழைய எண்ணைப் பதியும்போது குழப்பம் நேரிடலாம். எண்ணைத் தவிர, வண்ணத்தையும் உட்புறத் துணியையும் குறிக்கும் சிறு உலோகத் தகடு ஒன்றும் இருக்கும்: ஃபோர்டில் கதவில், கிரைசுலர் கார்களில் பொறியறையின் பக்கத் தகட்டில், ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் முன் கண்ணாடியின் கீழ்ச்சுவரில். பின்னிருக்கைச் சுருள்கம்பிகளுக்கிடையிலோ எரிபொருள் தொட்டியின் மேலோ தொழிற்சாலைத் தொழிலாளர் செருகிய கட்டுமானத் தாள் சில கார்களில் இன்றும் கிடைக்கிறது. குப்பை என்று கருதி இதைத் துடைத்தெறிந்தவர்கள் பலர்.

நெடுநாள் ஓடாத பொறியை, வாங்க வந்தவருக்கு ஓசை காட்டும் அவசரத்தில் மின்கலத்தை இணைத்துச் சுழற்றுவது கூடாது. தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, உருளைகளுக்குள் சிறிது மெல்லெண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டுக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பதே முறை. தொட்டியில் உள்ள பழைய பெட்ரோல் அரக்குப் போல இறுகியிருக்கும். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் இந்தியாவிலிருந்த பெரிய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் டீசல் பொறி மாற்றிப் பொருத்தப்பட்டது. அத்தகைய காருடன் அதன் பழைய பெட்ரோல் பொறி கொட்டகை மூலையில் கிடந்தால் அதையும் சேர்த்தே விற்க வேண்டும். தனியே பழைய இரும்புக்குப் போடுவது பெரும் இழப்பு.

ஆவணங்கள்

2021 இன் விதிகள்

2021 சூலை 15 அன்று நடுவண் மோட்டார் ஊர்தி விதிகளில் பழமையூர்திகளுக்கான புதிய விதிகள் சேர்க்கப்பட்டன. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான இருசக்கர, நான்குசக்கரச் சொந்த ஊர்திகள் இவற்றுள் அடங்கும். இறக்குமதி செய்யப்பட்டவையும் சேரும். ஊர்தி தன் முதல் வடிவத்தில் பேணப்பட்டிருத்தல் வேண்டும். அடிச்சட்டகம், உடற்கூடு, பொறி ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்பட்டிருத்தல் கூடாது. சீரமைக்காத காரை வைத்திருப்பவருக்கு இவ்விதி துணை நிற்கிறது. டீசல் பொறி மாற்றியவருக்கு இதுவே தடைக்கல்.

புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இறக்குமதியான காருக்குச் சுங்க நுழைவுச் சீட்டும், முன்னரே இந்தியாவில் பதிவான காருக்குப் பழைய பதிவுச் சான்றும், காப்பீட்டுச் சான்றும் விண்ணப்பத்துடன் இணைக்கப்படும். புதிய பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து "வி.ஏ." என்னும் எழுத்துகள் வரும், புதுச்சேரிக்கு இது "பி.ஒய். வி.ஏ." எனத் தொடங்கும். முன்னரே பதிவான கார்கள் தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பழைய மதராசு எண்ணோடு நிற்கும் காருக்கு வாங்குவோரிடையே தனி விருப்பம் உண்டு.

இப்பதிவுக்குக் கட்டுப்பாடும் உண்டு. அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ காரைச் சாலையில் ஓட்டலாகாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழங்கார் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு ஓட்டலாம். ஆகவே திருமண ஊர்வலத்துக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விடும் எண்ணத்துடன் வாங்க வருபவரிடம் விற்பனையாளர் இதை முன்கூட்டியே கூறிவிடுவது நல்லது.

மறுபக்கம், பழமையூர்தியாகப் பதியாமல் பொதுப் பதிவைப் புதுப்பிப்பதும் செலவு மிக்கது. 2025 ஆகஸ்டு மாதம் உயர்த்தப்பட்ட கட்டணப்படி, 20 ஆண்டுகளுக்கு மேலான சாதாரணக் காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய். இறக்குமதியான நான்குசக்கர ஊர்திக்கோ 80,000 ரூபாய். இவ்விரு வழிகளுள் எதில் கார் நிற்கிறது என்பதைப் பொறுத்து விலை பேசப்படும். தில்லி வட்டாரத்தில் பழைய ஊர்திகளுக்கு உள்ள வயதுத் தடையைக் கேள்வியுற்று, பதினைந்து ஆண்டு கடந்தாலே கார் செல்லாது என்று எண்ணி இரும்புக் கடைக்குக் கொடுப்போர் உள்ளனர். புதுச்சேரியில் சொந்தக் கார்களுக்கு அத்தகைய தடை இல்லை.

உரிமை மாற்றம்

1988 ஆம் ஆண்டு மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 50 ஆம் பிரிவுப்படி, விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாள்களிலும், வெளி மாநிலம் என்றால் 45 நாள்களிலும் அறிவித்தல் வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். படிவம் 29, 30 ஆகியவை இதற்குரியவை. பழமையூர்தியாகப் பதிவான காரை விற்கும்போது இருவரும் தத்தம் மாநிலப் போக்குவரத்து அலுவலகத்துக்கு 90 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். புதுச்சேரிக் காரை வாங்குபவர் பெரும்பாலும் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு போன்ற வெளியூர்க்காரராகவே இருப்பர் ஆகையால் படிவம் 28 இல் பெறும் தடையின்மைச் சான்று இன்றியமையாதது. கோரிமேட்டைத் தாண்டினாலே அடுத்த மாநிலம் வந்துவிடும் நிலப்பரப்பு இது.

மிகுதியான சிக்கல் வாரிசு உரிமையில்தான் எழுகிறது. உரிமையாளர் இறந்தால் 30 நாள்களுக்குள் அறிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 வழியாகப் பெயர் மாற்ற வேண்டும் என்பது விதி. நடைமுறையில் தாத்தா பெயரிலேயே பதிவு நிற்கும். கார் கொட்டகையில் நிற்கும். அந்நிலையில் பேரன் கையொப்பமிட்டு விற்பது செல்லாது. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றில் வாரிசுகளுள் சிலர் பிரெஞ்சுக் குடிமக்களாகப் பிரான்சில் வாழ்கின்றனர். மேலும் 1881 இன் ஆணைப்படி தம் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்த "ரெனோன்சான்" குடும்பத்தாரின் வழித்தோன்றல்களுக்குப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டப்படியே சொத்துப் பிரிகிறது. எனவே பங்காளிகள் அனைவரின் இசைவையும் எழுத்தில் பெறாமல் முன்பணம் வாங்குவது பின்னர் வழக்கில் முடியக்கூடும். வெளிநாட்டில் எழுதப்படும் அதிகார ஆவணம் அங்கேயே முறைப்படி சான்றளிக்கப்பட்டு வருதல் வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து நேரே வந்த கார்களின் திருப்புசக்கரம் இடப்புறம் இருக்கும். அச்சட்டத்தின் 120 ஆம் பிரிவுப்படி, இயங்கும் நிலையிலுள்ள சைகைக் கருவி இருந்தாலன்றி இவற்றை ஓட்டலாகாது. கனடா வழி வந்த பழைய ஃபோர்டுகளில் இச்சிக்கல் இல்லை.

வரி

சொந்தப் பயன்பாட்டுக்கான கார் வருமான வரிச் சட்டத்தில் தன்னுடைமைப் பொருளாகக் கொள்ளப்படுவதால், அதை விற்ற ஆதாயத்துக்கு வரி இல்லை என்பது பொதுவான எண்ணம். 1931 ஆம் ஆண்டு ஃபோர்டு டூரர் கார் ஒன்றின் வழக்கு இதற்கு ஒரு வரம்பு கட்டியது. 1983 இல் 20,000 ரூபாய்க்கு வாங்கப்பட்ட அக்கார், 1992-93 மதிப்பீட்டு ஆண்டுக்குரிய காலத்தில் 21 இலட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஆதாயத்துக்கு வரி விலக்கு உண்டா என்னும் வழக்கு முப்பது ஆண்டுக்கு மேல் நீண்டு, 2025 இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிவுற்றது. கார் என்பதால் மட்டுமே அது தன்னுடைமைப் பொருள் ஆகிவிடாது; உண்மையில் சொந்தப் பயணத்துக்குப் பயன்பட்டதைக் காட்ட வேண்டும் என்று கூறி நீதிமன்றம் விலக்கை மறுத்தது. ஓடாமல் நிற்கும் காரை விற்பவருக்கு இத்தீர்ப்பு சற்றுக் கடுமையானதே. பெட்ரோல் சீட்டு, பழுது பார்த்த பற்றுச்சீட்டு, குடும்ப ஒளிப்படம் ஆகியவை வெறும் நினைவுப் பொருள்கள் அல்ல.

சரக்கு, சேவை வரியைப் பொறுத்தவரை, பழைய கார் வணிகர் தம் இலாபப் பகுதியின் மீது 18 விழுக்காடு செலுத்துகிறார். பதிவு பெறாத தனியாள் தன் காரை விற்கும்போது இவ்வரி இல்லை.

காப்பீடு

2002 இன் இந்திய மோட்டார்க் காப்பீட்டுக் கட்டண விதிகள், 1940 திசம்பர் 31 க்கு முன் செய்யப்பட்டு, இந்தியப் பழங்கார் மன்றத்தின் சான்று பெற்றவற்றையே "வின்டேஜ்" எனக் கொண்டன. அவற்றுக்கு ஆண்டுதோறும் மதிப்பைக் குறைக்காமல், இருதரப்பும் ஒப்பிய தொகைக்குக் காப்பீடு தரப்பட்டது. பதிவு விதிகளின் ஐம்பது ஆண்டுக் கணக்கும் இதுவும் பொருந்துவதில்லை என்பதைக் கவனிக்கவும். மூன்றாம் தரப்புக் காப்பீடு எக்காருக்கும் கட்டாயம்.

வாங்குவோரும் எல்லை கடந்த விற்பனையும்

தனியார் சேகரிப்பாளர்களே முதன்மையான வாங்குநர். கோயம்புத்தூரில் 2015 இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகம், சென்னை வடபழனியில் 2023 இல் திறக்கப்பட்ட ஏவிஎம் பாரம்பரிய அருங்காட்சியகம் ஆகியவை பழைய கார்களை மக்கள் பார்வைக்கு வைத்துள்ளன. விற்பதற்கு முன் இத்தகைய இடங்களில் அதே வகைக் கார் எவ்வாறு பேணப்பட்டுள்ளது என்று பார்த்து வருவது பயன் தரும். புதுச்சேரிக்கு வரும் பழங்கார் அணிவகுப்புகளும் விலை விசாரிக்க ஏற்ற இடமாகும்.

வெளிநாட்டார் கூடுதல் விலை தருவதாகச் சொல்வது இயல்பு. ஆனால் 1950 சனவரி 1 க்கு முன் செய்யப்பட்ட கார்களையும் அவற்றின் பாகங்களையும் உரிமமின்றி ஏற்றுமதி செய்ய இயலாது. நூறாண்டு கடந்த பொருள்களுக்கு 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டமும் குறுக்கே வரக்கூடும்.

இறக்குமதி விதி இதற்கு எதிர்த்திசையில் நகர்ந்துள்ளது. முன்னர் 1950 க்கு முந்தைய கார்களுக்கு மட்டும் இருந்த சலுகை, 2025 இல் ஐம்பது ஆண்டு கடந்த கார்களுக்கென மாற்றப்பட்டது. இதனால் மசில் கார்களும் அமெரிக்காவிலிருந்து உரிமம் இன்றி வர வழி பிறந்துள்ளது. சுங்க வரி மிகுதியாதலால் அவை மலிவாக வரப்போவதில்லை. எனினும் "இந்தியாவில் இது ஒன்றுதான் உள்ளது" என்று கூறி விலை ஏற்றும் வழக்கம் இனி முன்போல் எடுபடாது. நெடுங்காலம் இந்நாட்டிலேயே நின்ற காருக்கு அதன் பழைய பதிவெண்ணும் ஆவணத் தொடர்ச்சியும் தொடப்படாத வண்ணமுமே வேறுபாட்டைத் தருவன.